நண்பன் கல்யாணத்துக்கு கார்ல போறீங்களா? திரும்பி வர்றப்ப யார் ஓட்டுறதுன்னு பேசிட்டீங்களா?

கேங்ல ஒருத்தனுக்குக் கல்யாணம் நிச்சயமானா, பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப் குரூப் ரெடி ஆகிடும். சட்டை என்ன கலர், மொய் தனித்தனியா எழுதுறதா இல்ல சேர்ந்து கிஃப்ட் வாங்குறதா, யார் கார், பெட்ரோல் காசை எப்படிப் பிரிக்கிறது... எல்லாம் பேசி முடிவாகிடும். ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்கறதில்லை. ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது ஓட்டப்போறது யார்? அவர் சனிக்கிழமை ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கியிருப்பார்?

வார இறுதிக் கல்யாணப் பயணத்தில் போகும்போது எல்லாரும் உற்சாகமா இருப்போம். திரும்பும்போதுதான் தூக்கம், களைப்பு, திங்கட்கிழமை ஆபீஸ் என்ற அவசரம் எல்லாம் ஒரே காரில் ஏறுது. இதைக் கொஞ்சம் விவரமாப் பார்ப்போம்.

ஏன் எல்லாரும் கார் எடுக்கிறோம்?

முக்கியமான காரணம் டிக்கெட். ரயில்களில் முன்பதிவு செய்யும் காலம் 120 நாட்களாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் வந்துட்டா, அந்த வார இறுதியில் தென் மாவட்ட ரயில்களில் இடம் கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம். ஆடி, மார்கழியில் கல்யாணம் வைக்க மாட்டாங்க. அதனால மிச்ச மாதங்களின் நல்ல நாட்களில் ஊரே கிளம்பும். முகூர்த்த நாட்களை ஒட்டி அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் சிறப்புப் பேருந்துகள் விடுவது இதனால்தான்.

அப்புறம் கிளாம்பாக்கம். தெற்கே போகும் பேருந்துகளுக்கான அந்த முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. வடசென்னையிலோ அம்பத்தூரிலோ இருக்கிறவங்களுக்கு பஸ் ஏறப் போறதே ஒரு தனிப் பயணம். நாலு பேர் இருந்தா ‘கார்லயே போயிடலாம்டா’ன்னு முடிவாகிறதில் ஆச்சரியம் இல்லை. முடிவும் தப்பில்லை. நேரக் கணக்கை மட்டும் யாராவது போட்டுப் பார்க்கணும்.

கல்யாணத்தின் டைம்டேபிள்

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். கல்யாணம் மதுரையில். சென்னையிலிருந்து சுமார் 460 கி.மீ. வழியில் நிறுத்தி, சாப்பிட்டு, டிராஃபிக்கைக் கடந்து போக 8-லிருந்து 9 மணி நேரம் ஆகும்.

சனிக்கிழமை காலை 6 மணிக்கு எழுந்து, 8 மணிக்குக் கிளம்பினா மாலை 5 மணிக்கு மதுரை. குளிச்சு, டிரெஸ் மாத்தி, 7 மணிக்கு ரிசப்ஷன். மேடையில் போட்டோ எடுக்க வரிசை, பந்தி, அப்புறம் ரூமில் கச்சேரி. பல வருஷம் கழிச்சு எல்லாரும் ஒண்ணா சேர்ந்திருக்கோம், பேச்சு எங்கே முடியும்? படுக்கும்போது ராத்திரி 2 மணி.

முகூர்த்தம் காலை 4.30 – 6.00. தாலி கட்டும்போது நாம அங்கே இல்லைன்னா மாப்பிள்ளை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். அதனால 4 மணிக்கு அலாரம். மண்டபத்து அறைன்னா அலாரமே வேண்டாம், நாதஸ்வரமே எழுப்பி விட்டுடும். முகூர்த்தம், டிபன், மறுபடி போட்டோ, மதியச் சாப்பாடு எல்லாம் முடிச்சு மதியம் 2 மணிக்குக் கிளம்புறீங்க. சென்னை வந்து சேர ராத்திரி 11 மணி.

இப்போ கணக்குப் பாருங்க. ஓட்டுறவர் கடைசி 24 மணி நேரத்தில் தூங்கியது 2 மணி நேரம். காலை 4 மணிக்கு எழுந்தவர் இரவு 9 மணிக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அப்போ கார் திண்டிவனம் பக்கம் இருக்கும். அதுக்கப்புறம்தான் ஞாயிறு இரவு சென்னைக்குத் திரும்பும் மொத்தக் கூட்டமும் பரனூர் டோல்கேட்டை நோக்கி நெருக்கி வரும்.

17 மணி நேரம் விழித்திருந்தா என்ன ஆகும்?

ஆஸ்திரேலியாவின் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே ஆட்களை ஒரு தடவை தூங்காமல் வைத்தும், இன்னொரு தடவை மது கொடுத்தும், கையும் கண்ணும் எவ்வளவு சரியாக ஒத்துழைக்கின்றன என்று சோதித்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தபோது அது சுமார் 0.10 சதவீதத்துக்குச் சமமானது.

இந்தியாவில் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு எவ்வளவு தெரியுமா? 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி., அதாவது 0.03 சதவீதம். ஒரு சொட்டுகூடக் குடிக்காத நண்பன், திண்டிவனம் தாண்டும்போது நம்ம நாட்டின் குடிபோதை வரம்பை விட மோசமான நிலையில் ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கலாம். இதுவும் விழித்திருந்த நேரத்தை மட்டும் வெச்சுப் போட்ட கணக்கு. முந்தைய ராத்திரி 2 மணி நேரம்தான் தூங்கினார் என்பதை இதில் சேர்க்கவே இல்லை.

அதைச் சேர்த்துப் பார்த்த ஆய்வும் இருக்கு. அமெரிக்காவின் ஏஏஏ போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளை 2016-ல் வெளியிட்ட அறிக்கை அது. கடைசி 24 மணி நேரத்தில் 7 மணி நேரமாவது தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், 4-லிருந்து 5 மணி நேரம் தூங்கிய ஓட்டுநர்களின் விபத்து விகிதம் 4.3 மடங்கு. 4 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு 11.5 மடங்கு.

தூக்கம் ‘வர்றதா’ சொல்லிட்டு வராது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். சில நொடிகள் மட்டும் மூளை அணைந்து, மறுபடி விழித்துக்கொள்ளும். இதுக்கு மைக்ரோஸ்லீப் என்று பேர். கண் திறந்திருக்கும்போதே இது நடக்கலாம், ஓட்டுறவருக்கே தெரியாமலும் போகலாம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 4 நொடி என்றால் கார் 111 மீட்டர் ஓடியிருக்கும். அஞ்சு கிரிக்கெட் பிட்ச்சை வரிசையா வெச்சா வர்ற நீளத்தைவிட அதிகம். அத்தனை தூரமும் காரை யாரும் ஓட்டலை.

சட்டம் என்ன சொல்லுது?

மது விஷயத்தில் சட்டம் தெளிவா இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி, முதல் தடவை பிடிபட்டால் ரூ.10,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் ரூ.15,000 அபராதம், 2 ஆண்டு வரை சிறை. ராத்திரி 2 மணி வரை பார்ட்டி நடந்திருந்தால், காலையில் குளிச்சு வேட்டி கட்டிட்டா போதை இறங்கிடாது. உடம்பு ஆல்கஹாலை மெதுவாத்தான் வெளியேற்றும். காபியோ குளிர்ந்த தண்ணியோ அந்த வேகத்தைக் கூட்டாது.

தூக்கத்துக்கு அப்படி ஊதிப் பார்க்கிற மெஷின் கிடையாது. வாடகை வாகனம், பேருந்து ஓட்டும் தொழிலாளர்களுக்கு 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 2025 வரை ஒரு வரம்பு வைத்திருந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் குறைந்தது அரை மணி நேர ஓய்வு. சொந்தக் காரை ஓட்டும் நமக்கு அப்படி எந்த நேர வரம்பும் இல்லை. நாமளேதான் வெச்சுக்கணும்.

அரசுப் புள்ளிவிவரத்திலும் இந்தப் பிரச்னை சரியாகத் தெரியாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. இங்கே உயிரிழந்தவர்கள் 17,884 பேர். விதிமீறல் அட்டவணையில் அதிவேகம், குடிபோதை, தவறான பக்கம் ஓட்டுதல், சிக்னல் மீறல், செல்போன் என்று தலைப்புகள் உண்டு. தூக்கத்துக்குத் தனித் தலைப்பு இல்லை. தூங்கி வழிஞ்சு லாரியின் பின்னால் மோதிய கார், கணக்கில் அதிவேகமாகவோ ‘மற்றவை’யாகவோ பதிவாகிடலாம்.

மதியம் 2 மணிக்குக் கிளம்புறது நல்ல ஐடியாவா?

இல்லை. நம்ம உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கு. ஒரு நாளில் ரெண்டு தடவை அது தூக்கத்தை நோக்கி இழுக்கும். ஒன்று அதிகாலை 2 முதல் 6 மணி வரை. இன்னொன்று மதியம் 2 முதல் 4 மணி வரை. மதிய மயக்கத்துக்கு சாப்பாடு மட்டும் காரணம் இல்லை, சாப்பிடாமல் இருந்தாலும் வரும். ஆனால் வாழை இலையில் ரெண்டு பாயசம், மோர் வரைக்கும் ஒரு கை பார்த்துட்டு உட்கார்ந்தா அந்த மயக்கம் இன்னும் கூடும்.

அதனால, ‘முகூர்த்தம் பார்த்துட்டு, சாப்பிட்டுட்டு உடனே கிளம்பிடலாம்’ என்பது கேட்க நல்லா இருந்தாலும், ஓட்டுறவருக்கு நாளின் மிக மோசமான நேரங்களில் ஒன்று. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிச்சு ராத்திரி 11 மணிக்குக் கிளம்பி விடிய விடிய ஓட்டுறதும் இதே மாதிரிதான். அதிகாலை 3 மணிக்கு ரோடு காலியா இருக்கும், உண்மை. ஓட்டுறவர் மூளையும் கிட்டத்தட்ட காலியா இருக்கும்.

பாட்டு, ஏசி, டீ... எது உதவும்?

கண்ணாடியை இறக்கி விடுறது, ஏசியைக் கூட்டுறது, சத்தமா பாட்டு வைக்கிறது. நாம எல்லாரும் செய்யுறது இதுதான். பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குளிர்ந்த காற்றையும் ரேடியோவையும் சோதித்துப் பார்த்தார்கள். கிடைத்த பலன் குறைவு, கிடைத்ததும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

அதே ஆய்வாளர்கள் பலன் தரும் ஒரு வழியையும் காட்டினார்கள். ஒரு ஸ்ட்ராங்கான காபி குடிச்சதும், 15 நிமிடம் ஒரு குட்டித் தூக்கம். காஃபின் வேலை செய்ய ஆரம்பிக்க 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுக்குள்ள ஒரு சின்னத் தூக்கம் போட்டுட்டா, எழும்போது ரெண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் டீயைக் குடிச்ச உடனே வண்டியை எடுத்தா, அந்த டீ வேலை செய்யத் தொடங்கும் முன்பே 25, 30 கி.மீ. போயிருப்பீங்க. இந்தக் குட்டித் தூக்கமும் கொஞ்ச நேரத்துக்கான முட்டுக்கொடுப்புதான். விட்டுப்போன ராத்திரித் தூக்கத்தை அது திருப்பிக் கொடுக்காது.

எங்கே நிறுத்துறோம் என்பதும் முக்கியம். நெடுஞ்சாலை ஓரத்தில், இருட்டில், இண்டிகேட்டர் போட்டு நிறுத்திட்டுத் தூங்குறது ரொம்ப ஆபத்து. பின்னால வர்ற லாரி டிரைவரும் தூக்கத்தில் இருக்கலாம். பெட்ரோல் பங்க், ஹோட்டல் பார்க்கிங், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடம்தான் சரி.

பக்கத்து சீட்டில் இருக்கிறவர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: அடிக்கடி கொட்டாவி, கண்ணைக் கசக்குறது, கார் லேனை விட்டு லேசா விலகுறது, திரும்ப வேண்டிய இடத்தைத் தவற விடுறது, கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமா வர்றது. கடைசி பத்து கிலோமீட்டர் எப்படி வந்தோம்னு ஞாபகம் இல்லைன்னா, அந்த இடத்திலேயே டிரைவர் மாறணும். ‘ஒண்ணும் இல்ல மச்சான், நான் ஓட்டிடுவேன்’ என்ற வார்த்தையை நம்ப வேண்டாம். தூக்கத்தில் இருக்கிறவருக்கு, தான் எவ்வளவு தூக்கத்தில் இருக்கோம் என்பது சரியா தெரியாது.

அப்போ எப்படித்தான் பிளான் பண்றது?

முதல் வழி, ரெண்டு டிரைவர். ரெண்டு பேரிடமும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கணும். ‘களைப்பா இருந்தா மாத்திக்கலாம்’ என்று விட்டால் யாரும் மாற மாட்டாங்க. ஈகோ விடாது. அதனால மாறும் இடத்தை முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. மதுரையிலிருந்து திருச்சி சுமார் 135 கி.மீ. அங்கே ஒரு மாற்றம். அடுத்து சுமார் 130 கி.மீ. தள்ளி உளுந்தூர்பேட்டை. அங்கே இன்னொன்று. மிச்சம் இருக்கும் சுமார் 200 கி.மீ.ரை திண்டிவனத்தில் பிரிச்சுக்கலாம். யாரும் தொடர்ந்து ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட மாட்டாங்க.

இரண்டாவது வழி, டிரைவருக்கு ராத்திரி லீவு. ரிசப்ஷன் முடிஞ்சதும் ஓட்டப்போறவர் மட்டும் தனி அறையில் 10 மணிக்குப் படுத்துட்டா, 4 மணிக்கு எழுந்தாலும் 6 மணி நேரத் தூக்கம். டிபன் முடிச்சு 8 மணிக்குக் கிளம்பினா மாலை 5 மணிக்கு வீடு. மதிய மயக்க நேரம் மட்டும் வழியில் வரும். அப்போ வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் ஓய்வு. கச்சேரியை அவர் தவற விடுறார் என்பது நிஜமான தியாகம். பெட்ரோல் பங்கில் அவர் பங்கை மத்தவங்க கொடுத்துடலாம்.

மூன்றாவது வழி, திங்கட்கிழமை லீவு. ராத்திரி முழுக்கப் பேசணும், முகூர்த்தமும் பார்க்கணும் என்றால் ஞாயிறு ராத்திரி அங்கேயே தூங்கிட்டு, திங்கள் காலை வெளிச்சத்தில் கிளம்புங்க. லீவு கிடைக்கலையா? திங்கட்கிழமை காலை அரை நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாமான்னு முன்கூட்டியே கேட்டு வெச்சா, ராத்திரி எப்படியாவது வந்து சேரணும் என்ற அவசரம் குறையும்.

பின் சீட்டுக்கும் பெல்ட் உண்டு

திரும்பும்போது பின் சீட்டில் எல்லாரும் தூங்கிடுவோம். பட்டுப்புடவை கசங்குது, வேட்டி நழுவுதுன்னு பெல்ட்டைக் கழற்றிடுவோம். முன்னோக்கி அமைந்த பின் சீட்டில் உட்காருபவருக்கும் பெல்ட் கட்டாயம். போடாவிட்டால் 194-பி பிரிவின்படி ரூ.1,000 அபராதம்.

அபராதத்தை விடுங்க. 2022 செப்டம்பர் 4-ல் மகாராஷ்டிராவின் பால்கரில் நடந்த விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அவர் பின் சீட்டில் பெல்ட் அணியாமல் இருந்ததாகப் போலீசார் தெரிவித்தார்கள். மோதும் நொடியில் பெல்ட் போடாத ஆள், கார் ஓடிய அதே வேகத்தில் முன்னால் வீசப்படுவார். அவர் முன் சீட்டில் இருக்கும் நண்பருக்கும் ஆபத்து.

யார் காரில் போறீங்க?

தெரிஞ்சவர் காரை ‘நாள் வாடகைக்கு’ எடுப்பது சகஜமா இருக்கு. வெள்ளை போர்டு சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். வாடகைக்கு ஓட்டுனர் கூட வரும் வண்டிக்கு மஞ்சள் போர்டு. நாமளே ஓட்டும் வாடகைக் காருக்கு கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு விட்டால் 192-ஏ பிரிவில் ரூ.10,000 அபராதமும் சிறைத் தண்டனையும் வரலாம். விபத்து நடந்தால், சொந்தப் பயன்பாட்டுக்கான பாலிசியில் வாடகைக்கு ஓட்டியதைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் மறுக்கப்படலாம்.

சொந்தக் கார் என்றாலும் பாலிசியை ஒரு தடவை திறந்து பாருங்க. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால், காரில் கூட வரும் நண்பர்களுக்கு அது பொதுவாகப் பொருந்தாது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் காரில் பயணிப்பவர்களும் அடங்குவார்கள் என்பதை உச்ச நீதிமன்றம் 2012-ல் ஒரு வழக்கில் உறுதி செய்திருக்கிறது. நாலு நண்பர்களை ஏற்றிக்கொண்டு 900 கி.மீ. போய் வருவதற்கு முன் இந்த ஒரு வரியைச் சரிபார்க்க அஞ்சு நிமிடம் போதும்.

ஏதாவது நடந்துட்டா?

108 ஆம்புலன்ஸ், 112 அவசர உதவி, தேசிய நெடுஞ்சாலைக்கு 1033. இந்த மூன்றும் எல்லார் போனிலும் இருக்கட்டும். தமிழக எல்லைக்குள் விபத்து நடந்தால், முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லாத சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கப்பட்டது. நீங்க எந்த மாநிலத்துக்காரர் என்பது இதில் பிரச்னை இல்லை. மத்திய அரசின் 2025-ம் ஆண்டுத் திட்டத்தில் 7 நாட்கள் வரை, ரூ.1.5 லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சை உண்டு. வழியில் வேறு யாருக்காவது விபத்து என்றாலும் தயங்காமல் நிறுத்துங்க. நல்லெண்ணத்தோடு உதவுபவர்களுக்கு 134-ஏ பிரிவு சட்டப் பாதுகாப்பு தருகிறது.

மாப்பிள்ளை, பொண்ணு கவனத்துக்கு

கல்யாண வேலையில் ஆயிரம் டென்ஷன் இருக்கும். இருந்தாலும் வெளியூரிலிருந்து கார் ஓட்டி வரும் நண்பர்களுக்கு நீங்க செய்யக்கூடிய உதவி ஒண்ணு இருக்கு. மண்டபத்து அறையை ஞாயிறு மதியமே காலி பண்ணச் சொல்லிடுவாங்க, அடுத்த பார்ட்டி வந்து நிற்பாங்க. பக்கத்து லாட்ஜில் ஒரே ஒரு அறையை ஞாயிறு மாலை வரைக்கும் போட்டு வைங்க. ஓட்டுறவங்க ரெண்டு மணி நேரம் படுத்து எழுந்து கிளம்பட்டும். மாமா, சித்தப்பா யாராவது ‘சாப்பிட்டாச்சா?’ன்னு கேட்கும்போது, ‘தூங்கினீங்களா?’ன்னும் சேர்த்துக் கேட்கட்டும்.

கேங்குக்கு ஒரு வேலை. அடுத்த கல்யாணக் குரூப்பில் சட்டை கலர் பேசும் முன், இந்த மூணு வரியைப் போடுங்க: ‘ஞாயித்துக்கிழமை ஓட்டுறது யார் யார்? எங்கே மாத்துறோம்? சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்குப் படுக்கப் போறது யார்?’ மூணாவது கேள்விக்குத்தான் பதில் வர லேட் ஆகும். அது வர்ற வரைக்கும் கார் புக் பண்ணாதீங்க.